தம்பியின் கேமராக்கள் யார் கைக்குப் போக வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "திருமணப் புகைப்படக்காரராக இருந்த என் தம்பி சென்ற ஆண்டு காலமாகிவிட்டான். அவனுடைய நிகான் டி90, கேனான் 600டி, ஒரு பழைய ஃபிலிம் கேமரா, 50 மி.மீ. எஃப் 1.8 டி உட்பட நான்கு லென்ஸ்கள் என் அலமாரியில் இருக்கின்றன. விற்க மனம் வரவில்லை. வசதியில்லாத பெண்பிள்ளைகள் இவற்றைக் கொண்டு ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால் அவன் ஆன்மா மகிழும். இவ்வளவு பழைய கேமரா இன்று பயன்படுமா? யாரிடம் கொடுப்பது? சென்னையில் உள்ள உறவினர்களும் தங்கள் கேமராக்களை அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். கொடுக்கும்போது நினைவுக்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?"

உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். தம்பி கையாண்ட பொருளை இன்னொருவர் கையில் வைப்பது எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது. திருநெல்வேலியிலிருந்து திருமணமாகி டர்பனுக்கு வந்த நாள் முதல் இந்த ஊர்க் கல்யாணங்களைப் படம் எடுத்து வருகிறேன். கடந்த சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் சாட்ஸ்வொர்த்திலும் பக்கத்து உம்லாசியிலும் இருந்து வரும் பெண்களுக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பயன்படும், தாராளமாகப் பயன்படும். டி90 வந்தது 2008-இல். 12.3 மெகாபிக்சல் என்றால் இன்று கைபேசிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அந்தப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட்டாலும் 14 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் வரும். 12-க்கு 8 ஆல்பத்துக்கு அது போதும். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு 1600-ஐத் தாண்டினால், கறுப்புப் பட்டு வேட்டிக் கரையிலும் கூந்தலிலும் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். அதனால்தான் உங்கள் பட்டியலில் இருக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸைப் பார்த்தவுடன் எனக்கு மகிழ்ச்சி வந்தது. நான்கு லென்ஸ்களில் அதுதான் தங்கம். அதன் துளை அகலத் திறந்து வெளிச்சத்தை வாங்குவதால், ஐஎஸ்ஓவை ஏற்றாமலே மணமகள் முகத்தைப் பிடித்துவிடலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த லென்ஸையும் டி90-ஐயும் பிரித்துவிடாதீர்கள். அந்த வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமரா உடலுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பிக் குவியம் பிடிக்க வேண்டும். டி90-க்கு அந்த மோட்டார் உண்டு, டி3100 போன்ற தொடக்கநிலைக் கேமராக்களுக்கு இல்லை. நன்கொடையாக வந்த பொருள்களை நாங்கள் ஒருமுறை லென்ஸ் ஒரு பெட்டி, கேமரா ஒரு பெட்டி என்று பிரித்து அடுக்கினோம். டி3100-உடன் இந்த 50 மி.மீ. லென்ஸைப் பெற்ற பெண் ஒருத்தி ஒரு மாதம் முழுவதும் மங்கலான படங்களையே கொண்டுவந்தாள். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, மருந்தகத்தில் படிக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "ஆன்ட்டி, எனக்கு இது வராது போலிருக்கிறது" என்று அவள் சொன்ன பிறகுதான் நான் கேமராவை வாங்கிப் பார்த்தேன். அவளுக்கு எதிரே நின்ற அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கேமராவைக் குறை சொல்லும். இல்லாத வீட்டுப் பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளும்.

600டி வேறு வகையில் நல்லது. 2011-இல் வந்த கேமரா. திரை வெளியே திரும்பும், வெளி மைக் செருகும் துளை உண்டு. டி90-இலும் வீடியோ இருக்கிறது, ஆனால் உயர்தரத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடாது, மைக் செருகவும் வழியில்லை. எனவே டி90 படத்துக்கு, 600டி வீடியோவுக்கு என்று இரண்டு பெண்களுக்குத் தனித்தனியாகப் போகட்டும் என்பது என் யோசனை.

கொடுப்பதற்கு முன் லென்ஸ்களைப் பார்த்துவிடுங்கள். டர்பனின் கடற்காற்று ஈரத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸ் என்றால் பூஞ்சை பிடித்திருக்கலாம். அறையை இருட்டாக்கி, முன்பின் மூடிகளைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிலந்தி வலையின் இழை போலவோ, கண்ணாடிச் சன்னலில் படர்ந்த பனிப்பூப் போலவோ கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சை. முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். எங்கள் கையால் நடந்த தவறையும் சொல்லிவிடுகிறேன். சேர்த்து வைத்த பதினொரு கேமராக்களை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, மண்டப மாடிப்படிக்குக் கீழே பிப்ரவரி மாதம் முழுவதும் விட்டுவிட்டோம். திறந்தபோது ஆறு லென்ஸ்கள் பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டன. மனிதர்கள் நம்பிக் கொடுத்த பொருள்கள் அவை. இப்போது ரப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வைத்திருக்கிறோம். பூஞ்சை பிடித்த லென்ஸை மட்டும் நல்ல லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை. டி90-இன் ஷட்டர் ஒரு லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. கல்யாணக்காரரின் கேமரா அதை நெருங்கியிருக்கலாம். நிகான் எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்பிலும் அந்த எண்ணிக்கை பதிந்திருக்கும், கணினியில் படித்துவிடலாம். கேனான் அப்படிப் பதிவதில்லை. கம்பியால் இணைத்து அதற்கான மென்பொருள் வழியாகப் பார்க்க வேண்டும். ஒரு லட்சத்தைத் தாண்டியும் ஆண்டுக்கணக்கில் ஓடும் கேமராக்கள் உண்டு. அதனால் எண் பெரிதாக இருந்தால் கொடுக்கத் தயங்க வேண்டாம். எண்ணை எழுதி மட்டும் கொடுங்கள். கல்யாண நாளில் முகூர்த்த நேரத்தில் ஷட்டர் நின்றுபோகக்கூடும் என்று முன்கூட்டித் தெரிந்தவள் இன்னொரு கேமராவை இரவல் வாங்கி வைத்துக்கொள்வாள்.

பிறகு, சார்ஜர். இதைச் சொன்னால் சிலருக்கு அற்பமாகத் தோன்றும். நன்கொடையாக வரும் கேமராக்களில் அதிகம் வீணாவது சார்ஜர் இல்லாமல்தான். டி90-க்கு இஎன்-இஎல்3இ பேட்டரி, 600டி-க்கு எல்பி-இ8. ஒன்று தம்பி வைத்திருந்தது இருக்கும், ஆளுக்கு ஒன்று புதிதாக வாங்கிச் சேருங்கள். மெமரி கார்டில் டி90-க்கு 32 ஜிபிக்கு மேல் போட வேண்டாம், அது ஏற்காது. தம்பியின் பழைய கார்டுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அழித்த படங்களையும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் பிறர் வீட்டுத் திருமணங்களும் குழந்தைகளும் இருப்பார்கள். இந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை விட்டாலும், அந்தக் குடும்பங்கள் உங்கள் தம்பியை நம்பித்தான் வாசலைத் திறந்தார்கள். மேலும், அவன் கடைசியாக எடுத்த படங்கள் உங்களிடம் இருக்க வேண்டியவை.

பழைய ஃபிலிம் கேமராவைப் பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. அதை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுருளுக்கும், கழுவுவதற்கும் காசு வேண்டும். பிழைப்புக்காகக் கற்க வருபவள் ஆயிரம் தவறு செய்து பார்க்க வேண்டும், அந்தத் தவறுகள் அவளுக்கு இலவசமாக இருக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள். விற்க மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மதிக்கிறேன். அப்படியென்றால் அதை நீங்களே நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, யாரிடம் கொடுப்பது. இதில்தான் மனம் திறந்து சொல்ல வேண்டியது அதிகம் இருக்கிறது.

நம் ஊரின் ரஞ்சித் கல்லி பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1946-இல் இசிப்பிங்கோவில் பழைய சாமான்கள் விற்பனையில் ஆறு பென்னிக்கு ஒரு கோடாக் கேமராவை வாங்கினார். பின்னாளில் டிரம் இதழுக்காக விடுதலைப் போராட்டத் தலைவர் ஆல்பர்ட் லுதூலியையும் நிறவெறிக் காலத்து நம் நேட்டால் மாகாணத்தையும் படம் எடுத்துத் தந்தவர் அவர்தான். யாரோ வேண்டாம் என்று போட்ட கேமராதான் அவர் கையில் அப்படி ஆயிற்று. ஆனால் அந்தக் கதையை நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அவர் எடுத்த படங்களைக் காசு கொடுத்து வாங்க ஒரு பத்திரிகை இருந்தது. அவர் ஆண் என்பதால், கழுத்தில் கேமராவோடு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவதை யாரும் கேள்வி கேட்கவில்லை. உங்கள் கேமராவைப் பெறப்போகும் பெண்ணுக்கு இந்த இரண்டும் தாமாக அமையாது.

எனவே எந்த அமைப்பிடம் போனாலும் நான் சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். கேமரா பெண்ணின் பெயருக்கு வருமா, அல்லது அலமாரிக்குள் பூட்டி வைத்து வகுப்பில் மட்டும் தருவார்களா? கற்று முடித்தவர்களில் யாருக்காவது கூலி வேலை வாங்கித் தந்திருக்கிறார்களா? வேலை முடிந்து அவள் எப்படி வீடு போகிறாள்? மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்பவர்களிடம் தைரியமாகக் கொடுக்கலாம். அதைப் பற்றி யோசித்ததே இல்லை என்றால், கேமரா அங்கே ஒரு கண்காட்சிக்குப் பிறகு பெட்டிக்குள் போய்விடும்.

ஜொஹானஸ்பர்க்கில் டேவிட் கோல்ட்பிளாட் 1989-இல் தொடங்கிய மார்க்கெட் ஃபோட்டோ ஒர்க்ஷாப் என்ற புகைப்படப் பள்ளி, கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் கதவைத் திறந்த இடம். உம்லாசியில் பிறந்த புகைப்படக் கலைஞர் ஸனேலே முஹோலி அங்கே பயின்றவர்தான். உலக அருங்காட்சியகங்களில் இடம்பிடித்த பிறகும் குடியிருப்புப் பகுதிப் பெண்களுக்கு அவர் பயிலரங்குகள் நடத்தியிருக்கிறார். ஜொஹானஸ்பர்க் அருகே தோகோசாவில் 2012 முதல் நடக்கும் 'ஆஃப் சோல் அண்ட் ஜாய்' புகைப்படப் பயிற்சித் திட்டத்திலிருந்தும் நல்ல கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். பழைய கருவிகளை ஏற்பார்களா, இப்போது எது தேவை என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கேட்காமல் பார்சல் அனுப்பினால் அவர்களுக்கும் சுமை. டர்பனிலேயே கொடுக்க விரும்பினால், லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு பெற்றதா என்று பாருங்கள். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் இருந்தால், பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கும் ரசீது தருவார்கள். வரிக்குரிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். ஆனால் தம்பி வாங்கிய விலையை அதில் எழுத முடியாது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கோடு போடாதீர்கள். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, இந்தியர்கள் நிறைய வாழும் பீனிக்ஸுக்கும் பக்கத்துக் கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்கும் இடையில் விழுந்த காயம் நமக்குத் தெரியும். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஸுலு பேசும் பெண்ணும் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணும் ஒரே கேமராவைப் பகிர்ந்து கற்கிறார்கள். கறுத்த முகத்தைச் சரியாகப் படம் எடுப்பது எப்படி என்பதை நான் அவர்களோடு சேர்ந்துதான் ஒழுங்காகக் கற்றேன். கேமராவின் ஒளிமானி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெள்ளை உடையில் நிற்கும் கறுத்த மணமகளை அதன் போக்கில் விட்டால், உடை சாம்பலாகி முகம் நிழலாகிவிடும். முகத்துக்கு அருகே போய் அளந்து, அந்த அளவைப் பூட்டிக்கொண்டு பின்னால் வா என்று சொல்லிக்கொடுத்தேன். படத்தில் தன் அக்காவின் கன்னத்து மினுமினுப்பை முதன்முறையாகப் பார்த்த அந்த ஸுலு பெண் திரையைச் சட்டைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. மினிபஸ் டாக்சியில் கேமராப் பையோடு ஏறுவது 'என்னிடம் ஆயிரக்கணக்கான ரேண்ட் இருக்கிறது' என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஏறுவதற்குச் சமம். தம்பியின் கேமராவில் நிறுவனப் பெயர் மஞ்சளிலும் சிவப்பிலும் நெய்த வார் இருந்தால் கழற்றிவிட்டு, பெயரில்லாத கறுப்பு வார் போடுங்கள். கேமராப் பையைக் கொடுக்காதீர்கள். பழைய பள்ளிப் பைக்குள் ஒரு துண்டைச் சுற்றி வைப்பதே நல்லது. எங்களிடம் கற்ற ஒருத்தி குழந்தையின் துணிப்பையில்தான் எடுத்துப் போகிறாள், மேலே இரண்டு அணையாடைகளை வைத்து. மாலை நிகழ்ச்சி என்றால் திரும்பும் வண்டிக் கட்டணத்தைக் கூலியிலிருந்து தனியாகப் பேசி வாங்கும்படி சொல்லிக்கொடுக்கிறோம். படங்களும் கேமரா அளவுக்கே முக்கியம். முஹோலியின் கேப் டவுன் வீட்டில் 2012-இல் நடந்த திருட்டில் 20-க்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகள் போயின. பிரதிகளும் அதே வீட்டில்தான் இருந்தன. ஒரு பிரதி வேறு வீட்டில், அத்தை வீட்டிலோ தோழி வீட்டிலோ இருக்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

கொடுக்கும்போது ஒரு காகிதம் எழுதுங்கள். கேமராவின் வரிசை எண், லென்ஸின் வரிசை எண், தேதி, 'இது இன்னாருக்குச் சொந்தம்' என்ற வரி, உங்கள் கையொப்பம். காணாமல் போனால் காவல் நிலையத்தில் அந்த எண் இல்லாமல் எதுவும் நகராது. வீட்டில் பணமுடை வரும்போது அண்ணனோ அப்பாவோ அடகுக்கடைக்குக் கொண்டுபோவதும் நடக்கும். அந்தக் காகிதம் அவள் பெயரில் இருந்தால் 'இது என்னுடையது' என்று சொல்ல அவளுக்கு ஒரு பிடி கிடைக்கும். நாங்கள் முதல் மூன்று மாதம் இரவலாகக் கொடுத்து, பிறகு உரிமையாக எழுதிக் கொடுக்கிறோம்.

இது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கே ஐயம் இருக்கலாம். 2025-இன் முதல் காலாண்டில் இந்த நாட்டில் 15 முதல் 34 வயதுக்குட்பட்டவர்களில் வேலையின்மை 46 விழுக்காடு. அந்த ஆண்டு மார்ச் மாதம் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. லென்ஸோடு ஒரு கேமரா பத்தாயிரம் ரேண்ட் என்று வைத்துக்கொண்டாலும், வேலை கிடைத்த பெண் ஒரு சென்ட்டும் செலவழிக்காமல் 347 மணி நேரம் உழைக்க வேண்டும்.

வேலை என்றால் கல்யாணம் மட்டுமல்ல. பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகள் விடைபெறும் மேட்ரிக் ஃபேர்வெல் இரவு, ஆடி மாதக் கூழ் ஊற்றும் பூசைகள், புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டம், தைப்பூசக் காவடி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காக இறுதிச் சடங்கை நேரலையில் காட்டுவது, வீட்டில் முறுக்கும் ஊறுகாயும் செய்து விற்பவர்களுக்குப் படம் எடுத்துத் தருவது என்று இந்த ஊரில் நிறைய இருக்கிறது. அடையாள அட்டைப் படம் எடுக்கும் பிழைப்பு குறைந்துவிட்டது, உள்துறை அலுவலகங்கள் பலவற்றில் அங்கேயே எடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்திய விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரப் படம் இன்னும் வேண்டியிருக்கிறது. வெள்ளைச் சுவரும் சன்னல் வெளிச்சமும் இருந்தால் போதும். தொழிலை விரிக்க விரும்புகிறவள் 18 முதல் 35 வயதுக்குள் இருந்தால், தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமையின் திருப்பிச் செலுத்த வேண்டாத மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். கேமராவும் நான்கைந்து பில்களும் கையில் இருந்தால் அந்த விண்ணப்பத்துக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

சென்னை உறவினர்களிடம் கேமராவை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பயன்படுத்திய பொருளை இந்த நாட்டுக்கு இறக்குமதி செய்யச் சர்வதேச வணிக நிர்வாக ஆணையத்தின் உரிமம் வேண்டும். சுங்கத்தில் மாட்டினால் தண்டத்தொகையும் கிடங்கு வாடகையும் கேமராவின் விலையையே தாண்டிவிடும். அவற்றைச் சென்னையிலேயே ஒரு பெண்ணுக்குக் கொடுக்கட்டும். உங்களுக்கு உதவத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேட்டரிக்கும் கார்டுக்கும் பணம் அனுப்பட்டும்.

கடைசிக் கேள்வி. கேமராவைக் கையில் கொடுக்கும் காட்சியைப் படம் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் எண்ணம் தூய்மையானது, தம்பியின் நினைவுக்காகக் கேட்கிறீர்கள். ஆனால் அந்தப் படம் யாராவது ஒருவர் கைபேசி வழியாகப் பரவும். நாளைக்குக் கூலி பேசப்போகும் வீட்டில் 'தானம் வாங்கிய பெண்ணா நீ' என்று அவளைப் பார்ப்பார்கள். இருபது ரேண்ட் குறைத்துப் பேசுவதற்கு அது போதும்.

ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு என்று கடிதத்தின் முடிவில் குறிப்பிட்டிருந்தீர்கள். பெண்கள் மட்டும் கூடும் இடம், ஆண் புகைப்படக்காரர் நின்றால் மகளே முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பாள். தம்பியின் கேமராவைப் பெற்ற பெண்ணையே அன்றைக்கு அழையுங்கள். முழுக் கூலி பேசுங்கள், பாதியை முன்பணமாகக் கொடுங்கள். பகலில் வைத்தால் அவள் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம். மகளின் கைகளில் வளையல் ஏறும்போது அவள் தம்பியின் 50 மி.மீ. லென்ஸோடு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் கேட்ட நினைவுப்படத்தை அவளே எடுத்துத் தருவாள். படங்களோடு மறக்காமல் பில்லும் கேட்டு வாங்குங்கள், மானிய விண்ணப்பத்தில் வைக்க அதன் நகல் அவளுக்கு வேண்டும்.